மருந்து தெளிக்கும் டிரோனை ஓட்டக் கம்ப்யூட்டரில் கைப்பழக்கம்

பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் வேலையில் டிரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் யந்திரம் புகுந்து சில வருஷங்களே ஆகின்றன. ஆயினும் அதன் உபயோகம் விரைவாகப் பரவி வருகிறது. முதுகில் சுமக்கும் தெளிப்பானைக் கொண்டு ஓர் ஏக்கர் நெற்பயிருக்கு மருந்து அடிக்கச் சாதாரணமாக 150 முதல் 200 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். டிரோனுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் போதுமானது. வேலையும் சுமார் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அன்றியும், மருந்தைச் சுவாசித்துக்கொண்டு சேற்றில் நடந்து அல்லற்படும் கஷ்டம் வேலையாட்களுக்கு இல்லாமற் போகிறது. இந்நன்மைகளையெல்லாம் குடியானவர்கள் அறிந்தே இருக்கிறார்கள்.

ஆனால் யந்திரம் எவ்வளவு நல்லதாயினும், அதை ஓட்டுபவருடைய கை பழகியதாக இல்லாவிடில் நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும். பல லக்ஷம் ரூபாய் விலையுள்ள யந்திரம் ஒரு நொடியில் மின்சாரக் கம்பியில் மோதி நொறுங்கலாம். மருந்து அடுத்தவர் கீரைப் பாத்தியிலோ குடிதண்ணீர்க் குளத்திலோ விழலாம். வேகமாய்ச் சுழலும் விசிறிகள் மனிதர்மேல் பட்டால் பெருங்காயம் ஏற்படும். இவற்றைத் தவிர்ப்பதற்குச் சொற்பச் செலவில் கைகூடும் வழி ஒன்று உண்டு. அதாவது, டிரோனை ஓட்டும் கைக்கருவியைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, சிமுலேட்டர் என்னும் போலிப் பறத்தலில் கையைப் பழக்கிக்கொண்டு, பிறகே வயலுக்குச் செல்வதாம். அந்த இணைப்பைச் செய்யும் முறையும், அதனால் ஆவதும் ஆகாததும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

தானே பறக்கும் யந்திரத்துக்குக் கைப்பழக்கம் எதற்கு?

இக்காலத்து விவசாய டிரோன் பெரும்பாலும் தானே வழி பார்த்துப் பறக்கக்கூடியது. வயலின் நான்கு மூலைகளையும் குறித்துக் கொடுத்துவிட்டால், ஆகாயத்திலுள்ள செயற்கைக் கோள்களிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு, உழவுசால் போல வரிசை வரிசையாகச் சென்று தெளித்துவிட்டுத் திரும்பி வரும். ஆகையால், கைத்திறமை அவசியமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறான எண்ணம். செயற்கைக் கோளின் குறி தடைப்பட்டால் யந்திரம் நின்ற இடத்தில் நிற்காமல் காற்றின் போக்கில் நகரத் தொடங்கும். குறித்த வழியில் வரைபடத்தில் காணாத கம்பியோ மரக்கிளையோ எதிர்ப்படலாம். வரப்பில் திடீரென்று ஒரு சிறுவன் ஓடி வரலாம். அப்போது யந்திரத்தைக் கையில் வாங்கி ஓட்டுவதற்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று விநாடிகளே. அந்த நேரத்தில் எந்தக் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருக்க இயலாது. கை தானாகவே செல்லவேண்டும்.

இதில் புதியவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. யந்திரத்தின் முகம் நமக்கு அப்பால் நோக்கியிருக்கும்போது, குச்சியை வலப்புறம் தள்ளினால் அது நமக்கு வலப்புறமே செல்லும். முகம் நம்மை நோக்கித் திரும்பிவிட்டாலோ, வலப்புறம் தள்ளினால் நமக்கு இடப்புறம் செல்லும். வயலின் கோடியிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு வரிசையிலும் இந்த மாறுதல் உண்டு. இதைப் புத்தகத்தில் படித்து அறிவது வேறு. கை அறிவது வேறு. இளங்காளையைப் பழக்கும்போது, முதலில் வெறுங்கட்டையை இழுக்கவிட்டுப் பிறகே ஏரில் பூட்டுகிறோம். அவ்வாறே இதிலும் சேதமில்லாத இடத்தில் தவறுகளைச் செய்து தீர்த்துவிட வேண்டும்.

வடசென்னைக் கரையோரத்தின் விசேஷ நிலைமை

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையுள்ள கரையோரம் தொழிற்சாலைகள் நெருங்கிய பிரதேசம். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-ம் வருஷத்தில் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. பின்னர் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், நெல்வயல்களுக்கு யூரியா அனுப்பிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் தொழிற்சாலையும் தோன்றின. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. அத்திப்பட்டில் அனல் மின்நிலையம் நடைபெறுகிறது. இவற்றுக்கு வடக்கிலும் மேற்கிலும் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் முதலிய ஊர்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெற்சாகுபடி நடந்து வருகிறது.

இப்பக்கத்தில் டிரோன் ஓட்டுபவர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மின்நிலையத்திலிருந்து புறப்படும் உயர் அழுத்தக் கம்பிகள் வயல்களுக்கு மேலாகவே செல்கின்றன. இரண்டாவது, கோடைகாலத்தில் நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பி, மருந்தின் நுண்துளிகளை உள்நாட்டுப் பக்கம் அடித்துச் செல்லும். மூன்றாவது, துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம் போன்ற முக்கிய ஸ்தாபனங்கள் உள்ள பிரதேசத்தில் வான்வெளியை யாரும் இஷ்டம்போல் உபயோகிக்க இடமில்லை.

2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெளியான டிரோன் விதிகளின்படி, வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டுவதில்லை. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய சர்க்காரின் அனுமதியின்றிப் பறத்தல் கூடாது. எந்த சர்வே நம்பர் எந்த மண்டலத்தில் அடங்கியது என்பதை ஊகத்தால் தீர்மானிக்கலாகாது. விமானப் போக்குவரத்து இலாகாவினர் கம்ப்யூட்டர் மூலம் வெளியிட்டுள்ள வரைபடத்தை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடியானவர் வீட்டுப் பிள்ளைகளில் தொழிற்சாலை வேலையை முன்னிட்டுத் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் குடியிருப்பவர் பலருண்டு. அவர்கள் வீட்டு மாடியிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ யந்திரத்தைப் பறக்கவிட்டுப் பழக நினைத்தால் அது சட்டவிரோதமாக முடியலாம், ஆபத்தும் உண்டு. சிமுலேட்டரில் யந்திரம் எதுவும் ஆகாயத்தில் எழும்புவதில்லையாதலால் அனுமதி எதுவும் தேவையில்லை. ஆகவே, திறந்த வான்வெளி அரிதாயுள்ள இப்பகுதிக்கு இம்முறை மிகவும் ஏற்றது.

போலிப் பறத்தலின் பூர்வோத்தரம்

இந்த யோசனை புதிதன்று. அமெரிக்க தேசத்தில், ஆர்கன் என்னும் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், அவ்வாத்தியத்தின் துருத்திகளையே உபயோகித்து, தரையில் நின்றபடியே சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு போலி விமானத்தை 1929-ம் வருஷத்தில் செய்தார். ஆரம்பத்தில் அதை விளையாட்டுப் பொருளாகவே பலரும் கருதினார்கள். 1934-ல் அந்நாட்டு ராணுவ விமானிகள் தபால் சுமந்து செல்லுகையில் மோசமான வானிலையில் பலர் மாண்டனர். அதன் பிறகே ராணுவத்தார் அதன் அருமையை உணர்ந்து 6 யந்திரங்களை வாங்கினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் லக்ஷக்கணக்கான விமானிகள் அதில் பழகினர். அன்று பெரும் பொருட்செலவில் நடந்த காரியம், இன்று சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றினால் வீட்டிலேயே நடைபெறுகிறது.

தேவையான சாமான்கள்

டிரோன் ஓட்டும் கைக்கருவி, அதாவது டிரான்ஸ்மிட்டர் ஒன்று, கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப் ஒன்று, இரண்டையும் இணைக்கும் கம்பி, சிமுலேட்டர் புரோகிராம். சிமுலேட்டர்களில் ரியல்ஃப்ளைட் போன்று விலைக்கு விற்பவையும் உண்டு. இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. சிறகுள்ள விமானங்கள் மட்டும் அடங்கியதை விட்டு, நான்கு அல்லது ஆறு விசிறிகளுள்ள யந்திரமும் அடங்கியதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைக்கருவிகள் நான்கு வகைப்படும்.

(1) யு.எஸ்.பி. துவாரம் உள்ளதும், கம்ப்யூட்டருடன் சேர்த்தால் தன்னை ஜாய்ஸ்டிக்காகக் காட்டிக்கொள்வதும். எட்ஜ்டிஎக்ஸ் என்னும் புரோகிராமில் வேலை செய்யும் கருவிகள் இவ்வகையின. பழகுவதற்கு இதுவே சுலபமானது.

(2) யு.எஸ்.பி. துவாரம் இல்லாமல், பின்புறத்தில் டிரெயினர் துவாரம் மட்டும் உள்ள பழைய கருவிகள். இத்துவாரத்தின் வழியாகக் குச்சிகளின் நிலை மின் துடிப்புகளாக வெளிவரும். ஒவ்வொரு குச்சியின் நிலையும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பாகம் முதல் இரண்டு பாகம் வரையுள்ள இடைவேளையாக அளக்கப்படுகிறது; குச்சி நடுவில் இருந்தால் ஒன்றரைப் பாகம். இவ்வளவும் விநாடிக்குச் சுமார் 50 தடவை திரும்பத் திரும்ப அனுப்பப்படும். இதைக் கம்ப்யூட்டர் அறியும்படி மாற்றித் தரும் அடாப்டர் ஒன்று இடையில் வேண்டும்.

(3) கம்பியின்றி, கம்ப்யூட்டரில் செருகும் சிறு வாங்கியுடன் சேர்ந்து வேலை செய்பவை.

(4) விவசாய டிரோனுடன் விற்கப்படும், திரையுள்ள கருவிகள். இவற்றிற் சில மட்டுமே மற்றச் சிமுலேட்டர்களுடன் இணையும். சில, உற்பத்தியாளருடைய சிமுலேட்டருடன் மட்டும் இணையும். சில எதனுடனும் இணையா. டிரோன் வாங்குவோர் விலை பேசும்போதே இதை விசாரித்துக்கொள்வது நலம்.

இணைக்கும் முறை

1. முதலில் டிரோனின் பாட்டரியைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். சிமுலேட்டருக்காகக் குச்சியைத் தள்ளும்போது அறையின் மூலையிலிருக்கும் யந்திரம் உயிர்பெற்றுவிட்டால் விபரீதம் நேரிடும். இவ்விதியை ஒரு நாளும் மீறலாகாது.

2. கைக்கருவியின் ஞாபகத்தில் சிமுலேட்டருக்கென்று தனி மாடல் ஒன்றை உண்டாக்கி, அதில் ரேடியோ அலை அனுப்பும் பாகத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வயலில் பறக்கும் டிரோனுக்குரிய மாடலில் எதையும் மாற்றக்கூடாது.

3. குச்சிகளின் பக்கத்திலுள்ள சிறு திருத்து பொத்தான்கள் யாவும் நடுவில் இருக்கவேண்டும். ஒரு சானலை மற்றொன்றுடன் கலக்கும் ஏற்பாடுகள் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

4. கருவியை இயக்கிய பின் கம்பியைச் செருக வேண்டும். சேமிப்புப் பெட்டியாகவா, ஜாய்ஸ்டிக்காகவா என்று கருவி கேட்குமானால், ஜாய்ஸ்டிக் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. கம்ப்யூட்டரில் விளையாட்டுக் கருவிகளைப் பரிசோதிக்கும் பக்கத்தைத் திறந்து, கருவியின் பெயர் தெரிகிறதா என்றும், குச்சியை ஆட்டினால் அடையாளம் நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

6. பின்னர் அளவு திருத்தம் செய்ய வேண்டும். குச்சிகளை நடுவில் விட்டு ஒரு தடவையும், நான்கு மூலைகளும் தொடும்படி மெதுவாகச் சுற்றி ஒரு தடவையும் பதிவு செய்தால் கம்ப்யூட்டர் எல்லைகளை அறிந்துகொள்ளும்.

7. கடைசியாக, சிமுலேட்டரில் எந்தச் சானல் எந்த வேலைக்கு என்று குறிக்க வேண்டும். பெருவழக்கான இரண்டாம் முறைப்படி, இடக்குச்சி ஏற்றி இறக்கவும் முகத்தைத் திருப்பவும், வலக்குச்சி முன் பின்னும் பக்கவாட்டிலும் செலுத்தவும் ஆகும். முதலாம் முறையில் ஏற்றி இறக்குவது வலக்குச்சியாகும். வயலில் எந்த முறையோ அதே முறையில்தான் வீட்டிலும் பழக வேண்டும். மாறிப் பழகிய கை ஆபத்து வேளையில் மாறியே செல்லும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக விற்கும் கருவிகள் பலவற்றில் ஏற்றி இறக்கும் குச்சி விட்ட இடத்திலேயே நிற்கும். விவசாய டிரோன்களின் கருவிகளிலோ சாதாரணமாக அது வில்லின் விசையால் நடுவுக்கு வந்துவிடும். நடுவில் இருந்தால் யந்திரம் அதே உயரத்தில் நிற்கும். ஆதலால், கூடியவரை ஒரே தன்மையுள்ள கருவியில் பழகுவதே உத்தமம்.

சாதாரணமாக ஏற்படும் கோளாறுகளும் பரிகாரங்களும்

கருவியைக் கம்ப்யூட்டர் அடியோடு அறியாவிடில், முதலில் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். செல்போனுக்கு மின்சாரம் ஏற்றுவதற்கு மட்டும் ஏற்பட்ட கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். செய்தி கடத்த அவற்றால் ஆகாது. கம்பியை மாற்றினால் பெரும்பாலும் குறை தீரும்.

குச்சியை வலப்புறம் தள்ள யந்திரம் இடப்புறம் சென்றால், சிமுலேட்டரில் அந்தச் சானலின் திசையைத் திருப்பி வைக்க வேண்டும். ஏற்றும் குச்சியைத் தள்ள யந்திரம் பக்கவாட்டில் சாய்ந்தால் சானல்களின் வரிசை மாறியிருக்கிறது என்று அறிக. குச்சியைத் தொடாதபோதும் யந்திரம் ஒரு பக்கம் நகர்ந்தால் அளவு திருத்தத்தை மறுபடியும் செய்ய வேண்டும். ஆனால் சிமுலேட்டரில் காற்று வீசும்படி ஏற்பாடு செய்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குச்சி அசைந்து சற்றுக் கழித்தே யந்திரம் அசைந்தால், கம்பியில்லா இணைப்பை விட்டுக் கம்பியை உபயோகிக்கலாம். அல்லது திரையின் படத் தரத்தைக் குறைக்கலாம். தாமதத்துடன் பழகினால் கை கெட்டுப்போகும்.

பழகும் கிரமம்

நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே நாளில் பல மணி நேரம் உட்காருவதை விட நாள்தோறும் சிறிது பழகுவதே கையில் நிலைக்கும். முதற் பாடம், தரையிலிருந்து எழும்பி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது. மருந்து தெளிக்கும்போதும் பயிருக்கு மேல் ஏறக்குறைய இவ்வளவு உயரமே. இரண்டாவது, முகத்தை இடம், வலம், நம்மை நோக்கி என்று மாற்றி வைத்து நிறுத்துவது. மூன்றாவது, சதுரமாகச் சென்று புறப்பட்ட இடத்தில் இறங்குவது. நான்காவது, எட்டு என்னும் இலக்கம் போல வளைந்து செல்வது. ஐந்தாவது, வயலில் செல்வதைப் போல நேர் வரிசைகளில் ஒரே வேகத்தில் போய்த் திரும்புவது. ஆறாவது, செயற்கைக் கோளின் உதவியை நிறுத்திவிட்டு, பக்கக்காற்றில் மேற்கண்ட பாடங்களைத் திரும்பச் செய்வது. இந்த ஆறாவது பாடத்தில் தேறாதவர் வயலுக்குச் செல்ல அவசரப்படலாகாது.

மருந்து தெளிக்கும் டிரோன் ஓட்டுவதற்கு, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தேறிப் பெறும் ரிமோட் பைலட் சர்டிபிகேட் அவசியம். 18 வயது நிரம்பிய, பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக 2023-ம் வருஷம் நவம்பரில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த டிரோன் திட்டத்தில் பயிற்சிக் காலம் 15 நாட்கள் என்று வகுக்கப்பட்டது. அதில் ஓட்டும் பயிற்சிக்கு 5 நாட்கள், மருந்து, உரம் தெளிக்கும் பயிற்சிக்கு 10 நாட்கள். ஐந்து நாட்களில் விதிகளைக் கற்கலாம். யந்திரத்துடன் பரிச்சயமும் செய்துகொள்ளலாம். கை முற்றிலும் பழகிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பயிற்சிக்குச் செல்லுமுன் ஒரு மாதமும், வந்த பின் தெளிப்பு வேலை இல்லாத மாதங்களிலும் சிமுலேட்டரில் பழகுபவருக்கே அந்த ஐந்து நாட்கள் முழுப் பிரயோசனம் அளிக்கும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 2022-ல் ஏற்பட்ட தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகமும் இத்தகைய பயிற்சியில் ஈடுபட்டுள்ளன.

சிமுலேட்டர் கற்பிக்காதவை

வெறும் சிமுலேட்டரை மட்டும் நம்பி வயலில் இறங்குவதும் கூடாது. தொட்டியில் மருந்து அலசி ஆடுவதையும், அது குறையக் குறைய யந்திரம் இலேசாகி வேறு விதமாக நடப்பதையும் எல்லாச் சிமுலேட்டரும் காட்டுவதில்லை. வெயிலில் கண் கூசுவது, தூரத்திலுள்ள மெல்லிய கம்பி வானத்தின் நிறத்தோடு கலந்து மறைவது, எழும்பும்போது விசிறிக் காற்றால் புழுதி கிளம்புவது, தெளிகுழல் அடைத்துக்கொள்வது முதலியவற்றை மைதானத்தில்தான் அறியவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, சிமுலேட்டரில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்த யந்திரம் மறுபடியும் முழுசாக வந்து நிற்கும். இதனால் அலட்சியபுத்தி ஏற்பட இடமுண்டு. ஒவ்வொரு மோதலையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, அதன் காரணத்தையும் எழுதிவைப்பது நல்ல வழக்கம். அடுத்த நாள் அதே தவறுக்குரிய பாடத்தை முதலில் செய்யவேண்டும்.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

வாடகைக்கு டிரோன் அமர்த்தும் குடியானவர், ஏக்கருக்கு என்ன கூலி என்று மட்டும் கேட்டு நின்றுவிடக்கூடாது. ஓட்டுபவரிடம் சர்டிபிகேட் இருக்கிறதா, யந்திரத்துக்குப் பதிவு எண் உண்டா, பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். தெளிப்பதற்கு முன் யந்திரத்தை வெறுந்தொட்டியுடன் எழுப்பி, முகத்தைத் தம் பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் ஒரே இடத்தில் கையால் நிறுத்திக் காட்டும்படி கேட்கலாம். பழகிய கைக்கு இது எளிது. பழகாத கை இங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும், தெளிக்கும் விஷயத்தை முந்தின நாளே ஊராருக்குத் தெரிவிக்கச் செய்து, ஆடு மாடுகளும் குழந்தைகளும் அப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பிகள், கிணறுகள், குளங்கள், தேனீப் பெட்டிகள் உள்ள இடங்களை ஓட்டுபவருக்கு முன்னதாகவே காட்டுவதும் அவர்களாற் கூடிய காரியம். கரையோர கிராமங்களில், கடற்காற்று எழும்புமுன் காலை வேளையிலேயே வேலையை முடித்துவிடுவது நலம்.

பஞ்சாயத்து நூலகத்திலோ உழவர் உற்பத்தியாளர் குழுவின் கட்டடத்திலோ ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கைக்கருவியும் வைத்துவிட்டால், ஊரிலுள்ள வாலிபரும் மகளிரும் மாறிமாறிப் பழகலாம். விசிறி ஒடிவதில்லை, பாட்டரி தேய்வதில்லை, யாருக்கும் காயமில்லை. ஒரு யந்திரம் ஒரே தடவை விழுந்து பழுதுபார்க்க ஆகும் செலவைக் கருதினால் இச்செலவு அற்பமே. டிரோன் வாங்க யோசிக்கும் குடியானவர்கள், யந்திரத்துக்கு முன்பாகவே கைப்பழக்கத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு, தங்கள் பயிருக்கும் அண்டை அயலாருக்கும் தீங்கின்றி இப்புதிய சாதனத்தால் பயனடைவார்களாக.